யாருடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம்? – ஜவ்வாது மலையை முன்வைத்து

ஆங்கிலம் பேசுபவரின் நாவில் அவருடைய வர்க்கமும் பண்பாடும் தெரியும் என்பது சமூக மொழியியல், அதாவது சமூக நிலைக்கும் மொழிப் பயன்பாட்டுக்கும் உள்ள உறவை ஆராயும் துறை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவரும் செய்தி. எனினும் அத்துறையின் புகழ்பெற்ற ஆய்வுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், ஆங்கிலத்தையே வீட்டுமொழியாகக் கொண்டோரிடையே நிகழ்ந்தவை. ஆங்கிலம் எந்த வீட்டிலும் பேசப்படாத, பாடநூல் தமிழே ஓரளவு அயலாக இருக்கின்ற ஒரு மலைப்பகுதியில் அதே கேள்வியை எழுப்பினால், பேசுபவரின் நாவைக் காட்டிலும் கேட்பவரின் காதைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது. இச்சொற்பொழிவு அந்தக் காதைப் பற்றியது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் வட்டத் தலைநகர். இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். இப்பெயருக்கு மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். கேரளத்தோடு இதற்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று வழிவழிக் கதை சொல்லும் இவர்கள் பேசுவது தமிழ்தான். ஆனால் மலைக்கே உரிய சொற்களும் இழுவையும் கொண்ட தமிழ். சாமை விளைச்சலும் தேனும் புளியும் கடுக்காயும் பிழைப்புக்குப் போதாதபோது சமவெளிக்கும் அண்டை மாநிலங்களுக்கும் கூலிவேலைக்கு இறங்குவது இங்கு வழக்கம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது, பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காட்டைத்தான் எட்டியிருந்தது.

அதே மலைத்தொடரின் காவலூரில், ஆலங்காயத்துக்கு அப்பால், வைணு பாப்பு வானாய்வகம் நிற்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடி வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்த இடம் அது. 1968 முதல் அங்கு வான்நோக்குப் பணி நடக்கிறது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் நிறுவப்பட்டன. 1988இல் அங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. அங்கு எழுதப்படும் கட்டுரைகளும் வெளிநாட்டு அறிஞரோடு நடக்கும் உரையாடல்களும் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆகவே ஜவ்வாது மலைக்கு ஆங்கிலம் வந்து சேரவில்லை என்று சொல்வதற்கில்லை. அது வந்த வழிகள் பல, அவற்றுள் வானாய்வகத்தின் வழி பிந்தியது, குறுகியது.

முந்திய வழி காடு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் மலைக்காடுகளைக் காப்புக்காடுகளாக்கி அரசின் பிடிக்குள் கொண்டுவந்தபோது, அதனோடு ஒரு சொல்வரிசையும் மலையேறிற்று. காப்புக்காடு ‘ரிசர்வு’ ஆயிற்று. வனத்துறை ‘பாரஸ்ட்டு’ ஆயிற்று. அதன் ஆட்கள் ‘கார்டு’, ‘ரேஞ்சரு’ ஆனார்கள். அவர்கள் போடுவது ‘கேஸு’, வாங்குவது ‘பைனு’. பின்னர் நலத்திட்டங்களின் காலத்தில் ‘ரேஷன்’, ‘லோனு’, ‘கம்யூனிட்டி சர்ட்டிபிகேட்டு’ ஆகியவை சேர்ந்தன. கடைசியாகச் சொன்ன சாதிச்சான்று கிடைத்தால் பிள்ளையின் படிப்பும் வேலையும் திறக்கும், கிடைக்காவிட்டால் மூடும். பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்காத முதியவரும் அச்சொற்றொடரைத் தடுமாறாமல் சொல்வதற்கு அந்தத் தேவையே காரணம். இங்கே ஆங்கிலம் நாகரிகத்தின் மொழியாக அன்று, அதிகாரத்தின் மொழியாகவே முதலில் காதில் விழுந்தது.

இச்சொற்கள் தமிழ் நாவில் அடையும் மாற்றத்தைக் கொச்சை என்று தள்ளுவது படித்தவர்களின் வழக்கம். சற்று நெருங்கிப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. அத்தகைய முடிவோடு ஓர் அயற்சொல் வந்தால் அதன் கடைசியில் குறுகிய உகரம் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. தமிழ் இலக்கணம் குற்றியலுகரம் என்று பெயரிட்டு வைத்திருப்பதற்கு நெருங்கிய உறவு இது. ‘கப்’ என்பது ‘கப்பு’ ஆவதும் ‘ரோட்’ என்பது ‘ரோடு’ ஆவதும் இதனால்தான். ஆனால் ரோடு என்பதில் ஒற்றை டகரம் நிற்க, ‘கேட்’ என்ற வாயிற்கதவு மட்டும் ‘கேட்டு’ என்று இரட்டிப்பதேன்? தமிழில் இரண்டு உயிர்களுக்கு இடையே தனித்து நிற்கும் டகரம் குரல்நாண் அதிர்வோடு மென்மையாக ஒலிக்கும். ஆங்கில ‘ரோட்’ சொல்லின் இறுதி ஒலி அவ்வாறே அதிர்வுடையது, ஆகவே ஒற்றை டகரமே போதும். ‘கேட்’ சொல்லின் இறுதியோ அதிர்வில்லாத வன்மையான ஒலி. அவ்வன்மை கெடாதிருக்க வேண்டுமானால் டகரம் இரட்டித்தே தீர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இந்த நுண்வேறுபாட்டைப் பிழையின்றிக் காப்பாற்றுகிறார் என்றால், அவர் காது ஆங்கில ஒலியைச் சரியாகவே கேட்டிருக்கிறது என்று பொருள். இருந்தும் அவர் ஆங்கிலம் தெரியாதவர் என்ற கணக்கிலேயே சேர்கிறார். ஆங்கில வழியில் படித்துத் தமிழை ‘டமில்’ என்று உச்சரிப்பவரைத் தமிழ் தெரியாதவர் என்று எவரும் ஒதுக்குவதில்லை, பல இடங்களில் அது ஒரு நளினமாகவும் கொள்ளப்படுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வுக்குச் சென்னையில் நீண்ட வரலாறு உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் சமையற்காரரும் ஆயாவும் பேசிய ஆங்கிலம் ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பெயர் பெற்றது. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி அதைச் சென்னை மாகாணத்துக்கு உரியதாகவே பதிந்துள்ளது. வேலைக்காரர் துரையிடம் மட்டுமல்ல, துரையும் வேலைக்காரரிடம் அதே உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசினார் என்று அந்த அகராதி வியப்போடு குறிப்பிடுகிறது. இருவர் சேர்ந்து உருவாக்கிய ஒரு பேச்சுவகைக்கு ஒருவரின் தொழிற்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ‘துரை இங்கிலீஷ்’ என்று அதற்கு யாரும் பெயரிடவில்லை.

பட்லரின் ஆங்கிலத்துக்கு எதிர்முனையில் இருந்தது பட்டதாரியின் ஆங்கிலம். 1912ஆம் ஆண்டுக் கணக்கின்படி சென்னை மாகாணத்தின் மாவட்ட முனிசீப்புகளில் 72.6 விழுக்காட்டினரும், துணை ஆட்சியர்களில் 55 விழுக்காட்டினரும் பிராமணர்கள். மக்கள்தொகையில் அவர்கள் 3 விழுக்காட்டை ஒட்டியே இருந்தார்கள். இப்பதவிகளுக்கு வாயில் ஆங்கிலக் கல்வி என்பதால், கோர்வையான ஆங்கிலம் என்றதும் சென்னையின் காதில் ஒலித்தது பெரும்பாலும் ஒரு சாதியின், ஒரு வாழ்க்கைமுறையின் குரலே. பிற்காலத்தில் கான்வென்ட் பள்ளிகளும், அவற்றைப் பார்த்து எழுந்த மெட்ரிக் பள்ளிகளும் அக்குரலைப் பணம் கட்டக்கூடிய பிற சாதிகளுக்கும் ஓரளவு பகிர்ந்தளித்தன. சமச்சீர்க் கல்வி 2011இல் முழுமையாக நடைமுறைக்கு வந்து பாடத்திட்டங்கள் ஒன்றான பின்னும் ‘மெட்ரிக்’ என்ற பெயர் பலகைகளிலிருந்து இறங்காததற்குக் காரணம், பெற்றோர் வாங்குவது பாடத்தை அன்று, அப்பெயரோடு வரும் பேச்சை என்பதே. இதன் மறுபக்கமாகத் தமிழ் இளைஞரிடையே ‘பீட்டர் விடுவது’ என்ற கேலி வழங்குகிறது. தன் நிலைக்கு மீறிய ஆங்கிலத்தைப் பேசுபவர் மீதே அக்கேலி பாயும். பிறப்பிலேயே அந்த ஆங்கிலத்துக்கு உரியவராகக் கருதப்படுபவர் பேசினால் அது பீட்டர் அன்று, இயல்பு.

இங்கிலாந்திலும் கதை வேறன்று. ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில் தாம் பதிந்த பேச்சுக்கு ‘பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு’ என்றே பெயரிட்டார். பப்ளிக் ஸ்கூல் என்பது அந்நாட்டில் பொதுப்பள்ளி அன்று, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளி. 1926இல் அப்பெயரை ‘ஏற்கப்பட்ட உச்சரிப்பு’ என்று மாற்றினார். யாரால் ஏற்கப்பட்டது என்ற கேள்வி அந்தப் பெயர்மாற்றத்தில் மறைந்துபோயிற்று. 1954இல் பர்மிங்காம் பேராசிரியர் ஆலன் ராஸ் பின்லாந்து ஆய்விதழ் ஒன்றில், ஆங்கில மேல்வர்க்கத்தை அடையாளம் காண இனிச் செல்வமோ கல்வியோ பயன்படாது, பேச்சு ஒன்றே பயன்படும் என்ற கருத்தை முன்வைத்தார்.

அமெரிக்கச் சான்று இன்னும் கூர்மையானது. 1962இல் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குச் சென்றார். ஒன்று செல்வருக்குரியது, மற்றொன்று நடுத்தரத்தினருக்குரியது, மூன்றாவது மலிவுவிலைக் கடை. நான்காம் மாடியில் கிடைக்கும் ஏதேனும் ஒரு பொருளைக் கேட்டால் விற்பனையாளர் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று விடை சொல்லியாக வேண்டும். அவ்விரு சொற்களிலும் ரகரம் ஒலிக்கிறதா என்பதை அவர் குறித்துக்கொண்டார். செல்வர் கடையில் 62 விழுக்காட்டினரும், நடுக்கடையில் 51 விழுக்காட்டினரும், மலிவுக்கடையில் 20 விழுக்காட்டினரும் ரகரத்தை முழுமையாகவோ ஓரளவோ ஒலித்தனர். விற்பனையாளர் யாரும் செல்வர் அல்லர். வாங்க வருபவரின் தகுதி அவர்கள் நாவிலும் ஏறியிருந்தது. நியூயார்க்கில் இவ்வாறு உயர்வின் அடையாளமான அதே ரகரத்தை லண்டனின் ஏற்கப்பட்ட உச்சரிப்பு விட்டுவிடுகிறது. அங்கு ரகரத்தை அழுத்தி ஒலிப்பது மேற்கு மாவட்டங்களின் உழவர் பேச்சு என்று எண்ணப்படுகிறது. தமிழர் எழுத்தில் உள்ள ரகரத்தை எங்கும் விடாமல் உருட்டி ஒலிப்பவர்; அவர் நியூயார்க்கில் உயர்ந்தவருமில்லை, லண்டனில் கிராமத்தவருமில்லை. ஒலி ஒன்றே என்றாலும் அதன் விலை ஊருக்கு ஊர் மாறுகிறது.

மற்றொரு சான்று, தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் அழுத்தம் பெற்று வரும் ப, ட, க ஒலிகளோடு சிறு மூச்சும் வெளிப்படும். இதை மூச்சொலிப்பு என்பர். தமிழர் ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. அசைகளை ஏறக்குறைய ஒரே நீளத்தில் அடுக்கும் தாளமும் தமிழர் ஆங்கிலத்தின் இயல்பு. இவ்விரண்டுமே பிரெஞ்சுக்காரர் பேசும் ஆங்கிலத்திலும் உண்டு. பாரிஸ்காரரின் ஆங்கிலம் கவர்ச்சி என்று போற்றப்பட, அதே இரு குறைகளைக் கொண்ட தமிழரின் ஆங்கிலம் மட்டும் திருத்தப்பட வேண்டியதாகிறது.

பண்பாட்டின் பங்கு இதிலிருந்து சற்று வேறுபட்டது; அது ஒலியைவிட உரையாடும் முறையில் தங்குகிறது. மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் பிரிட்டனின் விமான நிலைய உணவகம் ஒன்றில் கண்டது பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. அங்கு புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் இறைச்சியோடு குழம்பு வேண்டுமா என்பதற்கு ‘கிரேவி’ என்ற ஒரே சொல்லைச் சொன்னார்கள். பிரிட்டிஷ் பணியாளரும் அதே சொல்லைத்தான் சொல்வர், ஆனால் குரலை இறுதியில் உயர்த்திச் சொல்வர். குரல் தாழ்ந்து முடிந்ததால் அது கேள்வியாகப்படாமல், வேண்டுமானால் எடுத்துக்கொள் என்ற அலட்சியமாகக் கேட்பவருக்குத் தோன்றியது. அப்பெண்கள் முரட்டுத்தனமானவர்கள் என்று புகார்கள் எழுந்தன. தங்களை இனவெறியோடு நடத்துகிறார்கள் என்று அவர்களும் கருதினார்கள். ஒரு சொல்லின் இறுதியில் குரல் ஏறுவதும் இறங்குவதும் இரு தரப்பாரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக முடிந்துவிட்டது.

தமிழரிடம் இதற்கு இணையானது ‘சார்’. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டில் வளர்ந்தவருக்கு எல்லாரையும் ‘யூ’ என்று சுட்டும் ஆங்கிலம் கூச்சத்தைத் தருகிறது. மூத்தவரை நீ என்று அழைத்துவிட்டதைப் போன்ற அக்கூச்சத்தைப் போக்கவே வாக்கியத்துக்கு ஒரு சார் சேர்கிறது. ஜவ்வாது மலையில் பெரியவர்களிடமும் நாட்டார் எனப்படும் தலைவரிடமும் பேசும் முறைமை கற்று வளர்ந்த ஓர் இளைஞர் சென்னை நேர்காணல் ஒன்றில் ஐந்து வாக்கியத்தில் ஆறு சார் சொன்னால், அவர் தம் அறிவுக்கு எட்டிய மரியாதையைச் செய்கிறார். எதிரில் இருப்பவரோ அதில் தன்னம்பிக்கைக் குறைவைக் காண்கிறார். தன்னம்பிக்கை என்று அங்கு மதிப்பிடப்படுவது, மூத்தவரையும் பெயர் சொல்லி அழைக்கும் நகர மேல்தட்டு வீட்டின் பழக்கம்.

மலைப்பிள்ளை அந்த நேர்காணல் அறைக்கு வந்து சேரும் வழியையும் நோக்க வேண்டும். ஜவ்வாது மலையில் பள்ளிகளைப் பழங்குடியினர் நலத்துறை உண்டு உறைவிடப் பள்ளிகளாக நடத்துகிறது; வனத்துறையும் சில பள்ளிகளை நடத்துகிறது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை வீட்டுத் தமிழிலிருந்து பாடநூல் தமிழுக்கு முதலில் ஏறுகிறது. அந்த ஏற்றம் முடியும் முன்பே ஆங்கிலம் வருகிறது. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின; பயிற்றுமொழி மாறினாலும் வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் பேசிக் கேட்கும் வாய்ப்பு மாறிவிடவில்லை. நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் முதலில் காது வழியாகவும் பிறகு கண் வழியாகவும் வருகிறது. மலைப்பிள்ளைக்கு அது கரும்பலகையின் எழுத்தாகவே முதலில் வருகிறது. எழுத்தைக் கண்டு ஒலியை ஊகிப்பதால், ஒலிக்காத எழுத்துகளும் ஒலிக்கின்றன, சொல்லின் அழுத்தம் விழ வேண்டிய இடமும் தவறுகிறது. பள்ளித் தேர்வின் பெரும்பகுதி எழுத்திலேயே அடங்கிவிடுவதால் இக்குறை மதிப்பெண்ணில் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர் வேலைக்குப் போகும் நாளில்தான் முதன்முறையாக அதைச் சந்திக்கிறார்.

அந்த நாளில் அவர் கேட்கும் சொல் ‘எம்.டி.ஐ.’. தாய்மொழித் தாக்கம் என்பதன் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம் அது. 2000க்குப் பின் அழைப்பு மையங்கள் பெருகியபோது மனிதவளத் துறையில் நிலைபெற்றது. ‘வாய்ஸ் பிராசஸ்’ எனப்படும் தொலைபேசிப் பணிகளுக்கு ஆள் எடுக்கும்போது எம்.டி.ஐ. அதிகம் என்ற ஒற்றைக் குறிப்பு ஒருவரைக் கழிக்கப் போதுமானது. பேசியது விளங்கவில்லை என்பது ஒரு குறை. பேசுபவர் எங்கிருந்து வருகிறார் என்பது விளங்கிவிட்டது என்பது முற்றிலும் வேறு. அக்குறிப்பு இவ்விரண்டையும் பிரிப்பதில்லை.

சட்டத்துறையில் நிலைமை சற்றே அசைந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில், ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி தமிழ்நாடெங்கும் கொண்டாடப்பட்டது. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணிகளில் முன்னுரிமை தரும் ஏற்பாட்டின் பயனாகவும் அது சுட்டப்பட்டது. உரிமையியல் நீதிபதி என்பது 1912இல் மாவட்ட முனிசீப்பு என்று வழங்கிய பதவியின் இன்றைய வடிவம். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகிறது. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்தின் மொழியாக ஆங்கிலத்தையே வைத்திருக்கிறது. பதவிப்படியில் மேலே ஏற ஏற ஆங்கிலம் கட்டாயமாகும் இந்த அமைப்பில், ஆங்கிலத்தைப் புறக்கணி என்று மலைப்பிள்ளைக்குச் சொல்வது, ஏற்கெனவே அதைப் பெற்றுவிட்டவர்கள் பிறருக்கு வழங்கும் அறிவுரையாகவே இருக்கும்.

அப்படியானால் எதைக் கற்பிப்பது? 1969இல் ஐதராபாத்திலிருந்து வெளிவந்த ஆர்.கே. பன்சாலின் ஆய்வு, இந்திய ஆங்கிலம் பிற நாட்டாருக்கு விளங்காமற்போவதற்கான காரணங்களில் முக்கியமான ஒன்றாகச் சொல்லழுத்தம் இடம் மாறுவதைக் காட்டியது. 2000இல் ஜெனிபர் ஜென்கின்ஸ், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள எந்த ஒலிகள் தேவை, எவை தேவையில்லை என்று பிரித்தார். ‘திங்க்’ போன்ற சொற்களின் முதலில் நாவைப் பல்லிடையே நீட்டிப் பிறப்பிக்கும் ஒலி தேவையற்றது என்பது அவர் முடிவு. கான்வென்ட் வகுப்புகள் மிகுதியாக மெனக்கெடுவது அந்த ஒலிக்குத்தான். மாறாக, சொல்முதல் மூச்சொலிப்பு தேவை என்கிறார், ஏனெனில் அது இல்லாவிட்டால் ‘பென்’ என்ற எழுதுகோலின் முதல் பகரத்தை அதன் அதிர்வுடைய இணையாகவே அயலார் காது பிடிக்கக்கூடும். முன்னே சுட்டிய பிரெஞ்சு ஒப்புமையோடு இது மோதுவதாகத் தோன்றலாம், மோதவில்லை. விளங்குவதற்காக ஒன்றைத் திருத்துவது வேறு, பிறந்த இடத்தை மறைப்பதற்காகத் திருத்துவது வேறு. உயிர்களின் குறில் நெடில் வேறுபாட்டையும் ஜென்கின்ஸ் தேவையானவற்றுள் சேர்க்கிறார். படு, பாடு என்று பேசிப் பழகிய மலைப்பிள்ளைக்கு அது கைவசம் உள்ளது, இத்தாலியருக்கோ ஸ்பானியருக்கோ புதிதாகக் கற்க வேண்டியது.

உறைவிடப் பள்ளியின் ஆங்கில ஆசிரியருக்கு வாரத்தில் கிடைக்கும் பாடவேளைகள் சொற்பம். அவரும் பெரும்பாலும் எழுத்தின் வழியாகவே ஆங்கிலம் கற்றவர். ‘சார்’ என்பதை நீக்கவோ, தகரத்தைத் திருத்தவோ, ரகரத்தை மழுக்கவோ அந்த நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. பாடநூலின் புதுச்சொற் பட்டியலில் அழுத்தம் விழும் அசையின் கீழ் ஒரு கோடு இட்டு அச்சிட்டால், அதற்கு மிகுதியாக ஆவது அச்சு மையின் செலவு மட்டுமே. காவலூரின் அயல்நாட்டு விருந்தினரும் ஜமுனாமரத்தூர்ப் பிள்ளையும் ஒருவர் பேச்சை ஒருவர் விளங்கிக்கொள்ள முதலில் தேவைப்படுவது அந்தக் கோடு.